கால் மண்ணில் படாமல்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார். நான் பாதி வழியில இறங்கறவன். அதுவும் வண்டி நிக்காம இறங்கறவன். ஏறும்போதே கண்டக்டர்கிட்டச் சொல்லிட்டனுங்க. வேட்டுவன்பள்ளம் கோயில் ஸ்டாப்புல எனக்காக நிறுத்த வேண்டாம், விசிலும் வேண்டாம், அதைத் தாண்டினா புளியமரத்து வளைவு வருது, அங்க எப்படியும் வண்டி ஊர்ந்துதான் போகும், நான் பின்படியில இருந்து இறங்கிக்கறேன், வண்டி பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கட்டும்னு. அவரு என்னை ஏற இறங்கப் பாத்தாரு. காலையிலயே ஊத்திக்கிட்டு வந்துட்டான்னு நெனச்சிருப்பாரு. தொடறதில்லீங்க நான். என் மாப்பிள்ளை தொடுவான், நோம்பி, பண்டிகை நாள்ல. நான் தொடமாட்டேன்.

நீங்க மலைமேல பள்ளிக்கூடத்துக்கா? புதுசா வந்த வாத்தியாருங்களா? நல்லதுங்க. புது ஆளுகிட்டப் பேசறதுதான் இப்ப எனக்குச் சௌகரியம். அந்த முன்சீட்டுல வெள்ளை வேட்டி ஒருத்தர் இருக்காரே, எங்க ஊருதான். நான் ஏறி இங்க உக்கார வந்ததும், இங்க இருந்தவரு எந்திரிச்சு அங்க போயிட்டாரு. போகட்டும். இடம் தாராளமா இருக்குது.

இருங்க. இந்த இருமல் ஒண்ணு. பீடி கிடையாது, பஞ்சு மில் பக்கம் தலை வெச்சுப் படுத்ததில்ல. எங்கிருந்து வந்துச்சோ, ஒரு வருசமா விடமாட்டேங்குது.

என் பேரு நாச்சிமுத்து. இன்னைக்கு என் தங்கச்சி அம்சவேணியோட பையனுக்குக் கோயில்ல காதுகுத்து. தாய்மாமன் மடியில வெச்சுத்தானுங்களே காது குத்தணும்? அதுதானே உலக வழக்கம்? அந்தக் கொழந்தையை நான் இன்னும் பாத்ததே இல்லீங்க. பேரு என்ன வெச்சிருக்காங்கன்னுகூடத் தெரியாது. இன்னைக்குக் காதுகுத்துன்னு எனக்குச் சொன்னது என் தங்கச்சி இல்ல, காது குத்தப்போற ஆசாரி. சந்தையில பாத்துட்டு, "ஏம்ப்பா, உங்க பெரியப்பன் மகன் செல்லமுத்து மடியில வெக்கறாங்களாமே, நீ ஊர்ல இல்லையா?"ன்னு கேக்கறாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. உசுரோட ஒரு தாய்மாமன் கல்லாட்டம் இருக்கறப்ப, பெரியப்பன் மகன் மடியாம்! மூஞ்சியில காறித் துப்பினாப்பல இருந்துச்சு.

தோடு வாங்கியாச்சு. இதா, இந்தச் சட்டைப் பையில இருக்குது. பவுனுதான். போய் உக்கார வேண்டியது ஒண்ணுதான் பாக்கி.

அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. கோயில் ரோட்டோரமா இருக்குதுங்க. பஸ்ஸு நின்னா அத்தனை பேரும் திரும்பி யாரு இறங்கறதுன்னு பாப்பாங்க. என்னைக் கண்டா அவ கொழந்தையைத் தூக்கிட்டுக் கிளம்பிருவா. தை மாசம் சந்தையில அப்படித்தான் செஞ்சா. தூரத்துல என்னைப் பாத்ததும், வாங்கின காய்ப் பையைக்கூட எடுக்காமப் போயிட்டா. அதனால பஸ்ஸு நிக்கக் கூடாது. நிக்காமப் போற சத்தம் கேட்டா, யாரும் வரலைன்னு ஆயிரும். அவங்கவங்க வேலையைப் பாக்கத் திரும்பிருவாங்க. நான் வளைவுல இறங்கி, பள்ளத்து வழியா பின்னால சுத்தி வந்து, ஆசாரி விரிச்ச பாயில உக்காந்துக்குவேன். உக்காந்தவனை அத்தனை சனத்துக்கு முன்னால எழுப்ப முடியுமா? கொழந்தையை மடியில குடுத்துத்தான் ஆகணும்.

நல்ல யோசனைதானுங்களே? இது மானுக்காக நான் கண்டுபிடிச்ச வழிங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல என்னைத் தவிர ஒருத்தனுக்கும் இது தெரியாது.

மான்னதும் இப்படிப் பாக்கறீங்களே. சுடறது தப்புன்னு எனக்குத் தெரியாதுங்களா? நான் சுட்டதே இல்ல. துப்பாக்கி எந்தப் பக்கம் கனம்னுகூட எனக்குத் தெரியாது. நான் ஒரு பண்ணையில மேனேஜர். மேனேஜர்னா பெரிசா ஒண்ணுமில்ல, சாவி என்கிட்ட இருக்கும், அவ்வளவுதான். மொதலாளி திருப்பூர்ல பனியன் கம்பெனி. அடிவாரத்துல தோட்டம், தோட்டத்தை ஒட்டி வேலங்காடு, அதுக்கு மேல பாரஸ்ட். கொழந்தைங்க ஓட்டி விளையாடட்டும்னு மொதலாளி ஒரு வண்டி வாங்கி விட்டாரு. பீச்சுல, ரிசார்ட்டுல எல்லாம் ஓட்டறாங்களே, நாலு சக்கரம், டயர் இத்தனை பெருசு, பைக்காட்டம் ஹேண்டில் புடிச்சு ஓட்டறது. ஏடிவி வண்டிம்பாங்க. கல்லு, பள்ளம், சேறு எதுவும் அதுக்குக் கிடையாது. கொழந்தைங்க ரெண்டு நாள் ஓட்டினாங்க. அப்புறம் விருந்தாளிங்க வர ஆரம்பிச்சாங்க.

விருந்தாளிங்கன்னா மொதலாளிக்கு வேண்டியவங்க. வேட்டை ஆசை புடிச்சவங்க. காட்டுக்குள்ள ஒரு மருத மரத்துல பரண் கட்டி வெச்சிருந்தோம். மொதல்ல எல்லாம் நடந்துதான் போவோம். நடந்தா தீந்துச்சு. சருகுல மனுஷன் கால் பட்டா அது வேற சத்தமுங்க. புள்ளிமான் முன்னங்காலைத் தரையில ஓங்கித் தட்டும், ஒரு கத்து கத்தும், அப்புறம் அந்த மலை முழுக்க ஒரு மான் இருக்காது. விருந்தாளி பரண்மேல உக்காந்து கொசுக்கடி வாங்கிட்டு வருவாரு. மொதலாளி எல்லாத்துக்கும் முன்னால என்னைத் திட்டுவாரு. "உன்னை நம்பி ஆளைக் கூட்டியாந்தேன் பாரு"ம்பாரு.

அப்பத்தான் ஒண்ணைக் கவனிச்சேன். மாட்டுக்கு வாங்கின கல்லுப்பு மூட்டையை நான் அந்த வண்டியில வெச்சு ஓட்டிட்டுப் போறேன், மான் கூட்டம் தலையைத் தூக்கிப் பாக்குது, திரும்பக் குனிஞ்சு மேயுது. ஓடலை. இத்தனை சத்தம் போடற வண்டிக்கு ஓடலை, சத்தமில்லாம நடக்கற மனுஷனுக்கு ஓடுது. எனக்குப் பொறி தட்டிருச்சு.

அதுக்கப்புறம் அதை ஒரு பூசையாட்டம் செஞ்சேனுங்க. தினம் காலையிலயும் சாயங்காலமும் ஒரே தடம், ஒரே வேகம், ஒரே காக்கிச் சட்டை. நடுவுல நிறுத்தறது கிடையாது. முறுக்கறது கிடையாது. மானைப் பாத்தாலும் பாக்காத மாதிரி போயிரணும். ஓடிக்கிட்டு இருக்கற வண்டிக்கு மான் பயப்படாது, நின்னு கிளம்பற வண்டிக்குத்தான் பயப்படும். ஒரு மாசம் ஆச்சு. அப்புறம் நான் ஓட்டிட்டுப் போறேன், குட்டியோட ஒரு பெட்டை தடத்தோரமா நிக்குது. கையை நீட்டினாத் தொட்டிருக்கலாம். என்னைப் பாத்து வாயை அசை போட்டுக்கிட்டே நிக்குது. அந்தச் சந்தோசத்தை என்னன்னு சொல்ல? எங்கப்பன்கூட என்னை அப்படி நம்பினதில்ல.

பரணையும் மாத்திக் கட்டினேன். தடத்தை ஒட்டியே. ஏணியை வண்டி சீட்டு உசரத்துக்கு இறக்கி விட்டேன். வண்டி மரத்தடிக்கு வரும்போது வேகம் மட்டும் கொஞ்சம் தணியும், நிக்காது, விருந்தாளி சீட்டுல இருந்து நேரா ஏணிப்படியில காலை வெச்சு ஏறிக்கணும். கால் மண்ணுல படக் கூடாது. பட்டா வாசம் நிக்கும். ஏறினதும் வண்டி அதே வேகத்துல போயிரும். சத்தம் தேஞ்சு தேஞ்சு அந்தப் பக்கம் போகும். மானுக்கு என்ன கணக்கு? வந்துச்சு, போயிருச்சு. காடு திரும்ப நம்முதாயிருச்சு. அது வெளிய வந்து நிக்கறப்ப, மேல ஆளு உக்காந்திருக்காரு.

மொதலாளி என் தோளைத் தட்டி, "நாச்சிமுத்து, நீ படிச்சிருந்தா எங்கியோ போயிருப்படா"ன்னாரு. எல்லாத்துக்கும் முன்னால.

ஒரே ஒரு சிக்கல். விருந்தாளிங்களுக்குப் புதரும் மானும் ஒண்ணுதான். நான் கூட மேல உக்காந்து காட்டணும். பேசக் கூடாதில்ல, அதனால அவங்க முட்டியில ஒரு தட்டு. நான் முட்டியில தட்டினா, மானைப் பாத்துட்டேன்னு அர்த்தம். அப்ப வண்டியை யாரு ஓட்டறது? வாயை மூடிட்டு இருக்கற ஆளா வேணும். நம்ம ஆளா வேணும்.

மாப்பிள்ளை குழந்தைவேலு சும்மாத்தான் இருந்தான். அம்சவேணி புருசன். பஞ்சு மில்லுல பதினைஞ்சு வருசம் இருந்தவன். தூசி நெஞ்சுல இறங்கி, இருமலு இருமலுன்னு அனுப்பிச்சுட்டாங்க. தங்கமான பையனுங்க. என்னை மச்சான்னு கூப்பிடறதே பாதி மரியாதை, பாதி பயமா இருக்கும். நான்தான் பொண்ணு குடுத்தவன்னு ஒரு இது. அம்சவேணி அப்ப மாசமா இருந்தா. "அண்ணா, அவருக்கு அங்க ஏதாச்சும் பாருங்ண்ணா"ன்னு அவதான் கேட்டா. நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க சார், அவதான் கேட்டா. நானாப் போய் இழுத்துட்டு வரல.

என் காக்கிச் சட்டையை மாட்டிக்கிட்டு, வண்டி ஓட்டறதை ஒரே வாரத்துல புடிச்சுக்கிட்டான். இருமல்தான். எங்களை இறக்கி விட்டுட்டு அவன் அந்தக் கோடியில இருக்கற பம்புசெட் ரூம்ல போய்ச் சத்தமில்லாம இருக்கணும். துப்பாக்கிச் சத்தம் கேட்டாலோ, இருட்டினாலோ வண்டியை எடுத்துட்டு வரணும். இருமல் சாயங்காலக் காத்துல எத்தனை தூரம் போகும் தெரியுங்களா? ரெண்டு தடவை அந்த இருமல்ல கூட்டமே கலைஞ்சு போச்சு. நான் விட்டு வாங்கினேன். "இன்னொரு தடவை நீ இருமினா இந்தக் காட்டுப் பக்கம் கால் வெக்காதே"ன்னேன். கிராம்பு குடுத்துப் பாத்தேன். அதிமதுரம் குடுத்துப் பாத்தேன். கடைசியில துண்டு. இருமல் வர்ற மாதிரி இருந்தா துண்டைச் சுருட்டி வாயில வெச்சுப் பல்லால கடிச்சுக்கோன்னு நான்தான் பழக்கினேன். கண்ணுல தண்ணியாக் கொட்டும், நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடும், ஆனா ஒரு சத்தம் வெளிய வராது. அப்புறம் என்னைப் பாத்துச் சிரிப்பான். சரியா மச்சான்ம்பான்.

சொன்னதைக் கேக்கறவங்க இந்தக் காலத்துல எத்தனை பேருங்க? அவன் கேட்டான். எங்கூட்டுல, என் பொண்டாட்டிகூட அப்படிக் கேட்டதில்ல.

எத்தனையோ சாயங்காலம் ஒரு குறையும் இல்லாம நடந்துச்சு. அன்னைக்கு வந்த விருந்தாளி புது ஆளு. ஈரோட்டுப் பக்கம். துப்பாக்கியைக் கை மாத்திக் கை மாத்திப் புடிக்கறாரு, சென்ட் வாசம் வேற. நான் வண்டியிலயே பாடம் எடுத்தேன். "ஐயா, இங்க நடந்து வர்ற மனுஷனே கிடையாது. வண்டிச் சத்தத்தோட வந்தா மனுஷன். சத்தமில்லாம அசைஞ்சா மான். நான் முட்டியில தட்டினதும் யோசிக்காதீங்க, யோசிச்சா போயிரும்." இதை எல்லாத்துக்கும்தான் சொல்லுவேன். இதுல என்ன தப்பு? அந்தக் காட்டுல அதுதான் நிஜம்.

ஏறிட்டோம். வண்டி போச்சு. சத்தம் தேஞ்சுது, தேஞ்சுது, நின்னுபோச்சு. நான் என்ன நெனச்சேன், மாப்பிள்ளை ரூமுக்குப் போய்ச் சேந்துட்டான்னு நெனச்சேன். நடு வழியிலயே வண்டி செத்துப்போச்சுன்னு யாரு கண்டா? அந்த வண்டிச் சத்தம் எனக்குத் தூக்கத்துலகூடத் தெரியும். ஆனா அன்னைக்குக் காத்து எதிர்ப்பக்கம். காத்து எதிர்ப்பக்கம் இருந்தா யாரா இருந்தாலும் ஏமாந்துதான் போவாங்க. பிளக் மாத்தணும், பெட்ரோல்ல தண்ணி கலக்குதுன்னு மொதலாளிகிட்ட நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அவரு வாங்கித் தந்திருந்தா இன்னைக்கு நான் அந்தக் கோயில் ஸ்டாப்புலயே மாலை மரியாதையோட இறங்கியிருப்பேன்.

பிறகு யோசிச்சுப் பாத்ததுல, அவன் என்ன செஞ்சிருப்பான்னு எனக்குத் தெரியுது. வண்டி நின்னுபோச்சு. செல்ப் அடிச்சிருந்தா கிளம்பியிருக்கும், மக்கியாநாள் காலையில எனக்கு மொத அடியிலயே கிளம்புச்சு. அவன் அடிக்கலை. பரணுக்குப் பக்கத்துல நின்னு கிளம்பற சத்தமே ஆகாதுன்னு நான் சொல்லி வெச்சிருந்தேன். சரி, அங்கியே இருந்திருக்கலாம். பம்புசெட் ரூம் இன்னும் வெகு தூரம், இருட்டினா ஆனை இறங்கற தடம் அது. தோட்டத்துக்குத் திரும்ப ஒரே வழி எங்க பரணைத் தாண்டித்தான். நடந்து வந்தான். நடந்தாலும் மனுஷனாட்டம் நடந்து வரக் கூடாதா? தடத்துல சருகு கிடக்குதுன்னு புல்லுக்குள்ள இறங்கி, குனிஞ்சு, ஒவ்வொரு அடியா வெச்சு வந்திருக்கான். சத்தம் வந்தா மச்சான் திட்டுவாருன்னு.

ஒரு குரல் குடுத்திருக்கலாமுங்க. நான் அதைத்தான் எல்லாத்துகிட்டயும் சொல்றேன். ஒரே ஒரு குரல். ஒரு செருமல். எத்தனை சுலபம்!

பொழுது இறங்கி மஞ்சக் கலர்ல இருந்துச்சு. புல்லுக்கு மேல காக்கி நிறமா ஒரு முதுகு. கொஞ்சம் வருது, நிக்குது. கொஞ்சம் வருது, நிக்குது. சத்தியமாச் சொல்றேன், நல்ல பழகின மான் அப்படித்தான் வரும். இத்தனை கிட்ட வருதேன்னு இருந்துச்சு எனக்கு. முட்டியில தட்டினேன்.

தட்டினேன், அவ்வளவுதான். சுடறதும் சுடாததும் அவரு இஷ்டமில்லீங்களா? துப்பாக்கி அவரு கையில. கண்ணு அவரு மூஞ்சியில. நான் தட்டினா அவரு சுட்டே ஆகணும்னு சட்டம் இருக்குதா?

"விழுந்துச்சு, விழுந்துச்சு"ன்னு அந்த விருந்தாளி கொழந்தையாட்டம் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். வண்டி வரட்டும்னு காத்திருந்தோம். சத்தம் கேட்டா வரணுமில்ல அவன்? வரலை. எங்க போய்த் தொலைஞ்சான், தூங்கிட்டானான்னு திட்டிக்கிட்டே நான் கீழ இறங்கினேன். பரண் கட்டினதுக்கப்புறம் அன்னைக்குத்தான் அந்த மரத்தடி மண்ணுல கால் வெச்சேன்.

தண்ணி இருக்குதுங்களா சார்? ஒரு மடக்கு போதும்.

அதுக்கப்புறம் எல்லாம் மொதலாளி பாத்துக்கிட்டாரு. விருந்தாளியை வேற கார்ல ஏத்தி அனுப்பிட்டாரு. தோட்டத்துல பன்னி விரட்ட ஒரு நாட்டுத் துப்பாக்கி கிடந்துச்சு. அதை மாப்பிள்ளை பக்கத்துல வெச்சாங்க. வெச்சது யாருன்னு கேக்காதீங்க, யாரோ வெக்கணுமில்ல. திருட்டு வேட்டைக்கு அவனாவே போனான், தூக்கிட்டு நடக்கறப்ப வெடிச்சிருச்சு, பண்ணைக்குத் தெரியாது. இப்படித்தான் ஸ்டேஷன்ல கேட்டப்பச் சொன்னேன். கூடப் பொறந்தவ புருசனையே ஒருத்தன் சொல்றான்னா நம்பாம இருப்பாங்களா? நம்பினாங்க.

செத்தவனுக்கு என்னங்க கேசு? செத்தவனைப் புடிச்சு உள்ள போடுவாங்களா? நான் உள்ள போயிருந்தா அவளைப் பாக்க யாரு இருக்கா? இதை எல்லாம் யோசிச்சுத்தான் சொன்னேன். அவளுக்காகத்தான். ஆனா ஊர்ல பேச்சு அப்படியா போகுது? மான் திருடன் பொண்டாட்டிம்பாங்களாம் அவளை. ரேசன் கடையில, கொழாயடியில. பேசறது அவங்க, பழி என் மேல.

அவகிட்ட நான் எதுவும் சொல்லலீங்க. இன்னைக்குவரைக்கும் சொல்லலை. ஆனா அவளுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரியில உடம்பைக் காட்டினாங்க பாருங்க, அப்ப இருந்து.

துண்டு வாயில இருந்துச்சு சார். சுருட்டி வெச்சுக் கடிச்சபடியே. நான் கீழ இறங்கிப் போய்த் திருப்பிப் போட்டப்பவே பாத்தேன். வேட்டைக்குத் தனியாப் போனவன் வாயில எதுக்குத் துண்டு? போலீசு வர்றதுக்குள்ள அதை எடுக்கணும்னாரு மொதலாளி. இழுத்தேன். பல்லு விடலை. உசுரு போயும் விடலை. அப்படிக் கடிச்சிருக்கான். ஒரு காலை அவன் தோள்மேல வெச்சு இழுத்தேன். கிழிஞ்சு வந்துச்சு. செவப்புத் துண்டு. நூலு ரெண்டு மூணு பல்லு சந்துல நின்னுபோச்சு.

அம்சவேணி அழலை. வயித்தைப் புடிச்சுக்கிட்டு அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் அந்த நூலை விரலால மெதுவா எடுத்தா. என் பக்கம் நீட்டி, "ஏனுங்ண்ணா, இது என்னங்ண்ணா பல்லுல?"ன்னு கேட்டா. சாதாரணமா, சோத்துல கல்லு கிடந்தாக் கேக்கற மாதிரி. நான் வாசப்பக்கம் திரும்பிக்கிட்டேன். அதுக்கப்புறம் அவ என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. காரியத்துக்கு நான் போனேன், கதவைச் சாத்திட்டா. கொழந்தை பொறந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல ராத்திரி முழுக்க நின்னேன், நர்சுகிட்டச் சொல்லி அனுப்பறா, அந்த ஆளு போனாத்தான் நான் பால் குடுப்பேன்னு.

எனக்கு மட்டும் வருத்தம் இல்லீங்களா? எனக்குக் கூடப் பொறந்ததுன்னு அவளை விட்டா யாரு? அம்மா போனதுக்கப்புறம் இவளுக்குத் தலை சீவி விட்டதே நான்தான். ரெட்டைச் சடை. கோணல்மாணலா இருக்கும், அதோட பள்ளிக்கூடம் போவா. எங்கண்ணன் போட்டதும்பா. அவளைப் பாக்காம, அவ பேச்சைக் கேக்காம, சோறு உள்ள இறங்கமாட்டேங்குது சார். பொய்யில்ல. கோவம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஏங்கிப் போயிட்டேன்.

பண்ணைங்களா? அங்கதான் இருக்கேன். வேற எங்க போறது? அந்த வண்டியும் அங்கதான் நிக்குது. பிளக் இப்ப மாத்தியாச்சு. வேட்டை எல்லாம் நிறுத்தியாச்சு, ஆனா நான் தடம் ஓட்டறதை நிறுத்தலை. காலையிலயும் சாயங்காலமும் போயிட்டு வர்றேன். எதுக்குன்னு மொதலாளி கேட்டாரு. மானு பழகினது விட்டுப்போயிருமேன்னேன். அந்தப் பெட்டை இப்ப வேற குட்டி போட்டிருக்குது. என்னைப் பாத்தா நகர்றதில்ல.

அதா, பந்தல் தெரியுதுங்களா? அதுதான் கருப்பராயன் கோயில். நான் கொஞ்சம் குனிஞ்சுக்கறேன். முன்சீட்டுக்காரரு திரும்பிப் பாக்கறாரா? பாக்கட்டும்.

நீங்க ஜன்னலோரம் இருக்கீங்க, நீங்க பாத்துச் சொல்லுங்க சார். எத்தனை பேர் இருக்காங்க? பச்சைச் சேலை ஒருத்தி நிக்கறாளா? ஒல்லியா? அவதான். இடுப்புல இருக்குதா? கொழந்தை? தலை மொட்டை அடிச்சாச்சா? சந்தனம் பூசியிருக்காங்களா? எந்தச் சாடைங்க? அட, நீங்க எங்க கண்டீங்க அவனை. காது பெருசா இருக்குதா? மாப்பிள்ளைக்குக் காது கொஞ்சம் பெருசு.

பஸ்ஸைப் பாக்கறாளா? தலையைத் தூக்கிப் பாக்கறாளா? இருங்க, இப்பப் பாருங்க. நிக்காமப் போகுதில்ல? திரும்பிக்குவா.

திரும்பிக்கிட்டாளா? சொன்னேனில்ல. அவளுக்கு இனி யாரும் வரலை.

வளைவு வருதுங்க. நான் எந்திரிக்கறேன். இந்தக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு அப்படியே இறங்கிட்டா, நேரா பள்ளம். புல்லு நல்லா வளந்திருக்குது, தலை தெரியாது. பின்னால போய், கோயில் செவுத்தோரமா... இருங்க. வந்துருச்சு பாருங்க, இந்நேரம் பாத்து. நெஞ்சைப் புடிக்குது. இதோட போனா அங்க கேட்டுரும். துண்டு. தோள்ல இருந்த துண்டு எங்க? இதா. ஒரு நிமிசம் வாயில வெச்சுக் கடிச்சுக்கிட்டா...

...

இல்லீங்க.

ஒண்ணுமில்ல சார். விடுங்க, புடிக்க வேண்டாம். துண்டு பல்லுல பட்டுச்சு. நூலு நாக்குல ஒட்டிக்கிச்சு. அவ்வளவுதான்.

கண்டக்டர்! ஏனுங், கண்டக்டர்! விசில் அடிங்க. நிறுத்துங்க வண்டியை. ஆமா, வேண்டாம்னுதான் சொன்னேன், இப்ப நிறுத்தச் சொல்றேன். நல்லா அடிங்க, கோயில்வரைக்கும் கேக்கணும். டிரைவரண்ணே, நீங்களும் ஒரு ஹாரன் அடிங்க.

ரோட்டு மேலயே நடந்து போறேன் சார். இருமிக்கிட்டேதான் போவேன். அவ கொழந்தையைத் தூக்கிட்டுப் போறதுன்னாப் போகட்டும். செல்லமுத்து மடியிலயே வெக்கட்டும். தோட்டை ஆசாரிகிட்டக் குடுத்துட்டு, எட்டத்துல இருந்து பேரை மட்டும் கேட்டுக்கிட்டு வந்துர்றேன்.

இன்னொரு தடவை அடிங்க கண்டக்டர். அவ திரும்பட்டும். வர்றது மனுஷன்தான்னு தெரியட்டும்.